பச்சைப்பிள்ளையின் வயிற்றில் நீர்க்கட்டி: பார்த்துக்கொண்டிருப்பதா, ஊசியால் எடுப்பதா, ஒப்பரேஷனா?

"டொக்டர் ஒன்றும் செய்யத் தேவையில்லை, ஆறு கிழமை கழித்து வாங்க என்கிறார். லயத்தில் எல்லாரும், வயிற்றுக்குள் கட்டியை வைத்துக்கொண்டு எப்படிப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிறாய், உடனே கண்டிக்குக் கொண்டு போ என்கிறார்கள். நான் யார் பேச்சைக் கேட்பது அக்கா?"

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடான லயத்திலிருந்து ஒரு தாய் போனில் கேட்டது இது. பெண் பிள்ளை, பிறந்து பன்னிரண்டு நாள். வயிற்றில் இருக்கும்போது எடுத்த கடைசி ஸ்கேனில் ஒரு நீர்க்கட்டி தெரிந்தது. பிறந்த பிறகு எடுத்த ஸ்கேனிலும் அது இருந்தது. பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறாள், நன்றாகத் தூங்குகிறாள். தாய்க்குத்தான் தூக்கம் இல்லை.

நான் வைத்தியர் இல்லை. என் தங்கச்சி மகளின் பிள்ளைக்கு இதே நீர்க்கட்டி இருந்தது. அதற்குப் பிறகு, சிங்களம் தெரியும் என்பதால் தோட்டத்துக் குடும்பங்கள் சிலவற்றோடு கிளினிக்குக்குப் போய் வந்திருக்கிறேன். வைத்தியர்களிடம் கேட்டதையும், படித்துச் சரிபார்த்துக்கொண்டதையும், குடும்பங்கள் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். உங்கள் பிள்ளையைக் கையால் தொட்டுப் பார்த்த வைத்தியர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அந்த வார்த்தையைப் புரிந்துகொள்ளவும், அவரிடம் சரியான கேள்வியைக் கேட்கவும் இது உதவட்டும்.

## முதலில், அது என்ன கட்டி?

என் தங்கச்சி மகளிடம் ஒரு வைத்தியசாலையில் அவசர அவசரமாகச் சிங்களத்தில் "கெடியக்" (ஒரு கட்டி) என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் அதைக் "கட்டி" என்று வீட்டில் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்க "புற்றுநோயாம்" என்று பரவிவிட்டது. நம் பேச்சில் கட்டி என்ற ஒரு சொல் சீழ்க்கட்டிக்கும் புற்றுக்கும் நீர்க்கட்டிக்கும் பொதுவாகிவிட்டதுதான் தொல்லை. இங்கே நாம் பேசுவது நீர் நிறைந்த ஒரு பை. பிறந்த பெண் பிள்ளையின் சூலகத்தில், அதாவது கருமுட்டை இருக்கும் உறுப்பில், வரும் நீர்க்கட்டி புற்றாக இருப்பது மிக மிக அபூர்வம்.

இது ஏன் வருகிறது? தாயின் ஹோர்மோனும் நஞ்சுக்கொடியின் ஹோர்மோனும் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் சூலகத்தைத் தூண்டிவிடுகின்றன. அதனால்தான் ஏழு மாதத்துக்குப் பிறகு எடுக்கும் ஸ்கேனில் பெரும்பாலும் முதலில் தெரிகிறது. கவனிக்க வேண்டிய அளவுக்குப் பெரியது ஏறக்குறைய 2,500 பிறப்புக்கு ஒன்று என்பது மருத்துவ நூல்களில் வழக்கமாக வரும் கணக்கு. தாய்க்குக் கர்ப்ப காலத்தில் சீனி வருத்தம் இருந்தால் வாய்ப்புக் கொஞ்சம் கூடும். தாய் கிரகணத்தில் வெளியே போனது, கொழுந்துக்கூடை சுமந்தது, அன்னாசி சாப்பிட்டது, இவற்றுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தாய்ப்பாலால் இது வளராது. பாலை நிறுத்தச் சொல்பவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

பிள்ளை பிறந்ததும் தாயிடமிருந்து வந்த ஹோர்மோன் குறைகிறது, பையும் மெல்ல மெல்லச் சுருங்குகிறது. ஆனால் முதல் சில மாதங்கள் பிள்ளையின் உடலும் தானே கொஞ்சம் ஹோர்மோன் சுரக்கும். எனவே இரண்டாவது ஸ்கேனிலும் அதே அளவில் இருந்தால் உடனே மனம் உடைந்துபோக வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளையின் வயிற்றில் தெரியும் எல்லா நீர்ப்பையும் சூலகத்தில் வந்தது அல்ல. குடலோடு ஒட்டி இரட்டைச் சுவரோடு வரும் பை, குடலைத் தாங்கும் சவ்வில் வரும் பை, பித்தக்குழாய் வீங்கி வருவது, சிறுநீர் அடைபட்டு வீங்கிய சிறுநீரகம், பிறப்புறுப்பு வழி அடைபட்டுக் கருப்பைப் பக்கம் நீர் தேங்குவது என்று பல உண்டு. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. பித்தக்குழாயில் இருந்தால் காத்திருந்து கரைய விட முடியாது, அதற்கு ஒப்பரேஷன் வேண்டும். ஆகவே எந்த முடிவுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, "இது சூலகத்தில் இருந்து வந்தது என்று எவ்வளவு உறுதி?" என்பதுதான். பெரிய பைக்குள் ஓரமாக ஒரு குட்டிப் பை தெரிந்தால் அது சூலகம்தான் என்பதற்கு நல்ல அடையாளம் என்று ஸ்கேன் பார்ப்பவர்கள் சொல்வார்கள். சிறுநீர்ப்பையும் இரண்டு சிறுநீரகங்களும் தனித்தனியாகச் சரியாகத் தெரிகின்றனவா என்றும் பார்ப்பார்கள். இதற்குச் சாதாரண ஸ்கேனே பெரும்பாலும் போதும். அதில் கதிர்வீச்சு இல்லை, எத்தனை தடவை எடுத்தாலும் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. சீடி ஸ்கேன் அப்படி அல்ல. "எல்லாம் தெளிவாகத் தெரியட்டும்" என்று தனியார் இடத்தில் சீடிக்குப் பணம் கட்டுவதற்கு முன், சிறுபிள்ளைச் சத்திரசிகிச்சை வைத்தியர் அதைக் கேட்டாரா என்று பாருங்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

வைத்தியர்கள் பார்ப்பது முக்கியமாக மூன்று. முதலாவது அளவு. 4 சென்ரிமீற்றர் என்பது ஒரு எல்லைக்கோடு மாதிரி, சிலர் 5 என்பார்கள். 4 சென்ரிமீற்றர் என்றால் சரியாக ஒரு மேசைப்பந்து. அதை ஒரு பச்சைப்பிள்ளையின் வயிற்றுக்குள் நினைத்துப் பார்த்தால் அது ஏன் எல்லை என்று புரியும்.

இரண்டாவது உள்ளே இருப்பது. சுவர் மெல்லியதாக, உள்ளே வெறும் நீராகக் கருப்பாகத் தெரிந்தால் அது எளிய நீர்க்கட்டி. உள்ளே கலங்கல், அடியில் படிந்த மண்டி, தடுப்புச் சுவர், உறைந்த இரத்தம் தெரிந்தால் சிக்கலான நீர்க்கட்டி. சிக்கலானது என்றால் புற்று என்று பொருள் அல்ல. சூலகம் தன் காம்பில் முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம், அல்லது பைக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம் என்று பொருள். வலிக்கிற உண்மை ஒன்று உண்டு. இந்த முறுக்கு பெரும்பாலும் பிள்ளை பிறக்கும் முன்பே, தாயின் வயிற்றிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. ஆகவே "நீ முன்னமே கொண்டுபோயிருந்தால்" என்று ஒரு தாயை யாரும் குற்றம் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது பிள்ளையின் நிலை. பால் குடிக்கிறாளா, வாந்தி எடுக்கிறாளா, வயிறு வீங்குகிறதா, மூச்சு விடச் சிரமப்படுகிறாளா. அறிகுறி இருந்தால் அளவுக் கணக்கெல்லாம் பின்னால் போய்விடும்.

நாலாவது ஒன்றும் இருக்கிறது. அது எந்த அறிக்கையிலும் எழுதப்படுவதில்லை. அதுதான் தூரம். இந்த நோயில் பெரும்பாலும் ஆபத்தில் இருப்பது உயிர் அல்ல, ஒரு சூலகம். பிறந்த பிறகு அது முறுக்கிக்கொண்டால் காப்பாற்றக் கிடைப்பது சில மணி நேரம்தான். கண்டி நகரத்தில் இருக்கும் ஒரு தாய்க்கும், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்ட டிவிஷனில் இருந்து இரவு பதினொரு மணிக்கு வான் தேடி, ஹட்டன் வந்து, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்கிப் பேராதனை போக வேண்டிய தாய்க்கும் "காத்திருங்கள்" என்ற சொல் ஒரே பொருளைத் தராது. கிளினிக்கில் பார்க்கும் வைத்தியருக்கு உங்கள் தோட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கார்டில் "ஹட்டன்" என்று எழுதியிருந்தால் அவர் ஹட்டன் டவுன் என்றுதான் நினைப்பார். வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு எவ்வளவு நேரம், இரவில் வாகனம் கிடைக்குமா, போனில் சிக்னல் இருக்கிறதா, இதை நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது புலம்பல் இல்லை. அவர் முடிவெடுக்கத் தேவையான தகவல்.

## வழி ஒன்று: ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பது

4 சென்ரிமீற்றருக்குக் குறைந்த எளிய நீர்க்கட்டி, அறிகுறி ஒன்றும் இல்லாத பிள்ளை என்றால் உலகம் முழுக்க இதுதான் முதல் வழி. நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒரு தடவை ஸ்கேன், கரையும்வரை. பெரும்பாலானவை ஆறு மாதத்துக்குள் போய்விடும், சில ஒரு வருடம் எடுக்கும். சிக்கலான நீர்க்கட்டி என்றாலும், பிள்ளை நன்றாக இருந்தால் இப்போது பல வைத்தியர்கள் உடனே வெட்டுவதில்லை. முறுக்கி முடிந்துபோன சூலகத்தை அவசரமாக எடுப்பதால் பெரிய லாபம் இல்லை, சில நேரம் எதிர்பார்த்ததை விட நல்ல சூலகம் உள்ளே மிச்சம் இருக்கிறது என்பதே காரணம்.

என் மனசு இந்த வழிப்பக்கம்தான் சாயும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காத்திருப்பது வேறு, சும்மா இருப்பது வேறு. ஸ்கேன் திகதியைத் தவறவிட்ட காத்திருப்புக்கு வைத்தியம் என்று பெயர் இல்லை. நம் பக்கத்தில் நடப்பது என்னவென்றால், முதல் ஸ்கேனில் "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொன்னதும் நிம்மதியாகிவிடுகிறோம். இரண்டாவது ஸ்கேனுக்கு எப்படியோ போகிறோம். மூன்றாவது நழுவிவிடுகிறது.

ஏன் நழுவுகிறது என்று கணக்குப் பார்த்தேன். பிரசவ விடுமுறை 84 நாள். அதில் ஒரு பகுதி பிரசவத்துக்கு முன்பே போய்விடும். முதல் இரண்டு ஸ்கேனும் விடுமுறைக்குள் வரும். மூன்றாவது வரும்போது தாய் கொழுந்து பறிக்க மலைக்குத் திரும்பியிருப்பாள், பிள்ளை தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைமடுவத்தில் இருக்கும். கிளினிக்குக்குப் போனால் அன்றைக்குப் பேர், அதாவது அந்த நாள் சம்பளம், இல்லை. கூட அப்பா வந்தால் அவருக்கும் பேர் இல்லை. பஸ் காசு, வழியில் சாப்பாடு, வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஒரு ஆள். அரசாங்க வைத்தியசாலையில் ஸ்கேன் இலவசம்தான், ஆனால் வாசல்வரை போய்ச் சேர்வதற்குத்தான் இவ்வளவும். இந்தச் செலவை முதல் நாளே குடும்பமாக உட்கார்ந்து கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாத் திகதியையும் கலண்டரில் குறித்து, எந்தத் திகதிக்கு யார் கூடப் போவது என்று அப்போதே பேசிவிடுங்கள். பாட்டியோ சித்தியோ கூடப் போனாலும் போதும், அப்பாதான் வர வேண்டும் என்று இல்லை.

இந்த வழி யாருக்குப் பொருந்தாது? நீர்க்கட்டி ஸ்கேனுக்கு ஸ்கேன் வளர்ந்துகொண்டே போனால். அறிகுறி வந்தால். ஆறு மாதம், ஒரு வருடம் ஆகியும் குறையாமல் நின்றால். அது என்ன பை என்றே உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால்.

## வழி இரண்டு: ஊசியால் நீரை எடுப்பது

ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியை விட்டு நீரை இழுத்தெடுப்பது. எளிய நீர்க்கட்டி, ஆனால் 4, 5 சென்ரிமீற்றருக்கு மேல் பெரியது என்றால் இதை யோசிப்பார்கள். பை சுருங்கினால் முறுக்கிக்கொள்ளும் ஆபத்துக் குறையும், வயிற்றில் வெட்டு இல்லை. எடுத்த நீரில் ஹோர்மோன் பார்த்து அது சூலகத்து நீர்தானா என்று உறுதி செய்யவும் முடியும்.

கேட்கும்போது இது எல்லாருக்கும் பிடித்த வழியாக இருக்கும், "ஒரு ஊசிதானே" என்று. ஆனால் மூன்று விஷயம் இருக்கிறது. நீர் திரும்பச் சேரலாம், அப்போது மறுபடி ஊசியோ ஒப்பரேஷனோ வரும். பை சூலகத்தில் வந்தது என்ற உறுதி இல்லாமல் ஊசி போடக்கூடாது, குடலோடு ஒட்டிய வேறு பையில் குத்திவிட்டால் வேறு பிரச்சினை ஆகிவிடும். உள்ளே கலங்கலும் இரத்தக்கட்டும் இருந்தால் ஊசியால் பயன் இல்லை, மெல்லிய ஊசியில் அது வராது.

அதோடு பச்சைப்பிள்ளையின் வயிற்றில் இதைச் செய்யும் கை எல்லா இடத்திலும் கிடையாது. உங்கள் வைத்தியர் இந்த வழியைப் பற்றிப் பேசவே இல்லை என்றால், "எங்கள் பிள்ளைக்கு ஊசி முறை சரிவருமா?" என்று ஒரு தடவை கேளுங்கள், அவர் காரணம் சொல்வார். ஊசி எடுத்த பிறகும் ஸ்கேன் தொடரும் என்பதால், முதல் வழியில் சொன்ன பயணச் செலவு இங்கேயும் அப்படியே இருக்கிறது.

## வழி மூன்று: ஒப்பரேஷன்

"ஒப்பரேஷன்" என்று ஒரே சொல்லாகச் சொல்கிறோம், உள்ளே மூன்று வேறு வேறு காரியங்கள் இருக்கின்றன. பையின் மேற்சுவரைத் திறந்து நீரை வெளியேற்றுவது. பையை மட்டும் உரித்தெடுத்துச் சூலகத்தை விட்டுவைப்பது. சூலகத்தோடு சேர்த்து எடுத்துவிடுவது. முதல் இரண்டுக்கும் மூன்றாவதற்கும் இடையில் ஒரு பெண் பிள்ளையின் வாழ்க்கையில் எவ்வளவு வித்தியாசம்! கையெழுத்துப் போடும்முன் எது நடக்கப் போகிறது என்று கேட்காமல் இருந்துவிடாதீர்கள். முடிந்தவரை சூலகத்தைக் காப்பாற்றுவதுதான் இன்றைய வைத்தியத்தின் போக்கு. திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று வைத்தியர் சொன்னால் அதுவும் நியாயமான பதில். "முடிந்தால் சூலகத்தை வைத்துவிடுங்கள்" என்று நீங்கள் சொன்னதாக அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

பெரிய வைத்தியசாலைகளில் இதைத் தொப்புள் பக்கம் சிறு துளையிட்டுக் கமெரா விட்டுச் செய்ய முடியும், அல்லது சின்ன வெட்டாகச் செய்வார்கள். எதுவானாலும் பிள்ளைக்கு மயக்க மருந்து வேண்டும். பிறந்த சில நாளில் மயக்கம் கொடுப்பது பெரிய பிள்ளைக்குக் கொடுப்பதை விட ஆபத்துக் கூடியது. குறைமாதப் பிள்ளை என்றால் மயக்கம் தெளிந்த பிறகும் மூச்சு நின்று நின்று வராமல் இருக்கிறதா என்று கண்காணிக்க வேண்டும். அதனால்தான், அவசரம் இல்லாவிட்டால் சில மாதம் தள்ளிப்போடப் பார்க்கிறார்கள். "ஏன் இழுத்தடிக்கிறார்கள்" என்று கோபப்பட்ட ஒரு அப்பாவுக்கு இதை விளக்கியபோது அவர் முகம் மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

மறைந்திருக்கும் விலை இங்கேதான் அதிகம். வயிற்றைத் திறந்தால் பின்னாளில் உள்ளே குடல் ஒட்டிக்கொண்டு அடைப்பு வர ஒரு சிறு வாய்ப்பு உண்டு. பையை உரிக்கும்போது நல்ல சூலகத் திசுவும் கொஞ்சம் சேர்ந்து போகலாம். தாய் வாட்டில் பிள்ளையோடு இருப்பாள், அப்பா வெளியே எங்கே தங்குவது? கொண்டுபோன போன் காசும் சாப்பாட்டுக் காசும் மூன்றாம் நாள் முடிந்துவிடும். தெரிந்த வீடு கண்டி, பேராதனை, கம்பளைப் பக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எடுத்த பையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அந்த அறிக்கை வரச் சில கிழமை ஆகும். அதை வாங்காமல் விட்டுவிடுகிற குடும்பங்கள் நிறைய. டயக்னோசிஸ் கார்டையும் அந்த அறிக்கையையும் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டுக்குள் வைத்துப் பத்திரப்படுத்துங்கள். இருபது வருடம் கழித்து அவளுக்கு அது தேவைப்படும்.

இந்த வழி தெளிவாகச் சிறந்தது எப்போது? முறுக்கிக்கொண்ட அறிகுறி இருந்தால், குடலை அமுக்கி அடைப்பு வந்தால், பை உடைந்தால், உள்ளே இரத்தம் போய்ப் பிள்ளை வெளிறினால். அப்போது யோசிக்க நேரம் இல்லை, கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அவசரமில்லாத நிலையில், பெரிய பை, வளர்கிற பை, கரையாத பை, என்னவென்று புரியாத பை. இவற்றோடு நான் சேர்ப்பது, எந்த நேரத்திலும் வைத்தியசாலைக்கு வர முடியாத அளவுக்குத் தூரத்தில் இருக்கும் வீடு, எல்லையை ஒட்டிய அளவில் பை. இந்த இரண்டும் சேர்ந்தால் வைத்தியரோடு மனம்விட்டுப் பேச வேண்டும். அவர் ஒப்பரேஷனை முன்னால் கொண்டுவரலாம். அல்லது ஆறு கிழமையை மூன்று கிழமையாக்கலாம். அல்லது முதல் இரண்டு மாதம் பிள்ளையோடு ரோட்டோர உறவுக்கார வீட்டில் இருக்கச் சொல்லலாம். இந்தக் கடைசி வழியை என் தங்கச்சி மகள் செய்தாள், கம்பளையில் நாத்தனார் வீட்டில் இருந்தாள்.

## ஒரே பார்வையில்

| கேள்வி | பார்த்துக்கொண்டிருப்பது | ஊசி | ஒப்பரேஷன் |
|---|---|---|---|
| எந்த மாதிரி நீர்க்கட்டிக்கு | 4 செ.மீ.க்குள் எளியது, பிள்ளை நன்றாக இருந்தால் சில சிக்கலானவையும் | பெரியது, ஆனால் எளியது | அறிகுறி தருவது, வளர்வது, கரையாதது, என்னவென்று தெளிவில்லாதது |
| மயக்க மருந்து | இல்லை | இடத்தையும் வைத்தியரையும் பொறுத்தது | கட்டாயம் |
| சூலகத்துக்கு | காத்திருக்கும்போது முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது | முறுக்கும் ஆபத்துக் குறையும் | காப்பாற்றலாம், இழக்கவும் கூடும். எந்த வகை என்று கேட்க வேண்டும் |
| திரும்ப வருமா | கரைந்தால் பெரும்பாலும் அத்தோடு சரி | வரலாம் | குறைவு |
| நம் குடும்பத்துக்கு உண்மையான செலவு | பல மாதம், பல பயணம், போகும் பேர் | பயணம், மறுபடி செய்ய நேர்ந்தால் இரட்டிப்பு | சில நாள் தங்கல், பின்னால் அறிக்கைக்கு ஒரு பயணம் |

## எங்கே கொண்டுபோவது?

ஊரில் முதலில் பார்க்கும் தோட்ட டிஸ்பென்சரியிலோ மிட்வைஃப் மிஸ்ஸிடமோ இதற்கு வைத்தியம் இல்லை. ஆனால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கட்டாயம் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்க்கிறவர் அவர்தான். டிக்கோயா ஆதார வைத்தியசாலை, நாவலப்பிட்டி, நுவரெலியா மாவட்ட வைத்தியசாலைகள் அவசரத்துக்கும் முதல் ஸ்கேனுக்கும் நம் பக்கத்துக் கதவுகள். சிறுபிள்ளைச் சத்திரசிகிச்சை வைத்தியர் பார்க்க வேண்டும் என்றால் பேராதனையில் இருக்கும் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை. ஹட்டனிலிருந்து கண்டி பஸ்ஸில் போகிறவர்கள் கண்டிவரை போக வேண்டாம், பேராதனையிலேயே இறங்கலாம். கொழும்பில் பொரளை ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. பேராதனையிலேயே பார்க்கிறார்கள் என்றால் "கொழும்புதான் பெரியது" என்று தூரத்தை இரட்டிப்பாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கடைசி ஸ்கேன்வரை போய் முடிக்கக்கூடிய இடம்தான் நமக்கு நல்ல இடம்.

தனியாரில் ஸ்கேன் எடுப்பது தப்பில்லை. அரசாங்கத் திகதி மிகவும் தள்ளி இருந்தால் அது உதவும். ஆனால் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு இடத்தில் எடுத்தால் அளவு ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ஒருவர் 3.8 என்பார், இன்னொருவர் 4.3 என்பார். பை வளர்ந்ததா, பார்த்த கை மாறியதா என்று தெரியாமல் திண்டாட வேண்டும். முடிந்தவரை ஒரே இடம், ஒரே கை. பழைய அறிக்கை எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். நகை அடகு வைத்துத் தனியாரில் ஒப்பரேஷன் செய்ய ஓடுகிறவர்களிடம் நான் சொல்வது, அரசாங்கத்தில் இதைச் செய்கிற வைத்தியர்கள் இருக்கிறார்கள், காசு வாங்காமல் செய்கிறார்கள், முதலில் அங்கே கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்பதுதான்.

## காத்திருக்கும் வீட்டில்

பச்சை நிறத்தில் வாந்தி. நிறுத்த முடியாத, வழக்கமில்லாத அழுகை. பால் குடிக்க மறுப்பது. வயிறு இறுகி வீங்குவது. பிள்ளை வெளிறித் துவண்டு போவது. காய்ச்சல். இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், பக்கத்து அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும், அங்கிருந்து மேலே அனுப்புவார்கள். வண்டி ஏற முடியாத ரோட்டில் வீடு இருந்தால் எந்தச் சந்தியில் நிற்பது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். மழை மாதங்களில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து ரோடு மறிபடும். அந்த நாட்களில் கிளினிக் திகதி வந்தால் முதல் நாளே இறங்கிவிடுவது நல்லது.

குளிப்பாட்டுகிற பாட்டிமாரிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகளின் வயிற்றை எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். "உரம் விழுந்திருக்கு" என்று சேலையில் போட்டு உருட்டவும் வேண்டாம். காம்பில் தொங்குகிற நீர்ப்பை அது. பாட்டியின் கைராசியில் எனக்குச் சந்தேகம் இல்லை, இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் அதை விட்டுவிடுங்கள்.

இன்னொரு பேச்சையும் நிறுத்த வேண்டும். "இவளுக்கு இனி பிள்ளை பிறக்குமா" என்று தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு சூலகம் போனாலும் மற்றது நன்றாக இருந்தால் அவள் பெரியவள் ஆவாள், பிள்ளையும் பெறலாம். சில வீடுகளில் இந்தப் பேச்சுக்குப் பயந்தே கிளினிக் கார்டை மாமியாருக்குத் தெரியாமல் அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒளித்து வைத்த கார்டு திகதியை ஞாபகப்படுத்தாது.

பொகவந்தலாவைத் தாயின் பிள்ளைக்கு 3.2 சென்ரிமீற்றர், எளிய நீர்க்கட்டி. காத்திருப்பதுதான் சரி என்று எனக்கும் பட்டது. வீடு எங்கே இருக்கிறது என்று வைத்தியரிடம் சொன்னாளா என்று கேட்டேன், சொல்லவில்லை என்றாள். இரண்டு சிங்கள வரியைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பினேன், கிளினிக்கில் வாசித்துக் கேட்கச் சொல்லி. மொழி தெரியாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருகிற எல்லாத் தாய்மாருக்கும் அதுவே இங்கேயும்:

"அப்பே கெதர கொடக் துரய், ரேட்ட வாஹன நே." எங்கள் வீடு மிகவும் தூரம், இரவில் வாகனம் இல்லை.

"டிம்பகோஷய பேரகன்ன புளுவன்த?" சூலகத்தைக் காப்பாற்ற முடியுமா?